கையின் திறனும் காயின் வலிவும்

மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, கல்லூரியில் யாம் பயின்ற காலத்து ஆசிரியர்களைப் பற்றியோ, துறைமுகத்தின் பழைய சிறப்பைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்விரு பொருள்களையும் எம்மினும் வல்லார் பலர் முன்னரே எழுதிவிட்டனர். ஆதலின் யாம் விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். எழுபதாண்டு கடந்த, ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் ஒருவனுக்கு விளையாட்டில் என்ன வேலை என்று நகைப்போர் உளராயின், அவர்கள் இக்கட்டுரையின் நடுப்பகுதிவரையேனும் பொறுத்திருத்தல் வேண்டும். கணிதமும் அங்கே வருகின்றது. எமது நடுங்குங் கையும் வருகின்றது.

போர்த்தேங்காய் அடித்தலை அறியாதார் எம் பழைய மாணவருள் இரார். இளையோர் பொருட்டு அதனைச் சிறிது விரித்துரைப்போம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் ஆடப்பெற்றுவரும் ஆட்டம் அது. உரித்த தேங்காயை ஒருவன் நிலத்தில் வைப்பான். மற்றவன் தன் கையிலுள்ள தேங்காயால் அதனை ஓங்கி அடிப்பான். எவன் காய் உடைகின்றதோ அவன் தோற்றான். இரண்டும் உடையாவிடின் முறை மாறும். இவ்வளவே விதி. ஆயினும் வருடப்பிறப்புக்குப் பல நாள் முன்னரே சிறுவர் காய் தேடத் தொடங்கிவிடுவர். சிரட்டை தடித்த காய் எதுவென்று விரலால் தட்டிப் பார்ப்பர்; காதருகே வைத்து ஓசை கேட்பர்; வீட்டிலே கறிக்கு வைத்த காய்களுள்ளும் கைவைத்து ஏச்சு வாங்குவர். இது முதற்பகுதி. காய் களத்துக்கு வந்தபின், அதனை எப்பக்கங் காட்டி வைப்பது, எம்முனையால் அடிப்பது, எவ்வளவு விசையோடு அடிப்பது என்பன இரண்டாம் பகுதி. தன் காயே உடைந்துபோகும்படி அடித்துவிட்டு விழித்து நின்றோரை யாம் கண்டிருக்கின்றோம். யாமே அவ்வாறு நின்றதும் உண்டு.

காயின் வலிவு ஆட்டம் தொடங்குமுன்னரே முடிந்துவிட்ட ஒன்று. கையின் திறனோ அடிக்குங் கணத்திலே பிறப்பது. காயே யாவற்றையுந் தீர்க்குமாயின், வெற்றி சந்தையிலேயே விலைபோய்விடும். களத்துக்கு வரவேண்டிய தேவையில்லை. கையே யாவற்றையுந் தீர்க்குமாயின், ஆண்டுதோறும் அதே ஒரு பையனே வெல்வான். மூன்றாம் ஆண்டிலே மற்றையோர் பட்டம் விடப் போய்விடுவர். இவ்விரண்டினையும் எவ்வளவிற் கலப்பது என்னும் வினாவையே இற்றைநாளில் உலகெங்கும் பல்லாயிரவர் தொழிலாகக் கொண்டு ஆராய்கின்றனர் என்றால் வியப்பாக இருக்கும்.

அவர்கள் ஆராய்வது பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்களை. றோல் பிளேயிங் கேம் என்று பிள்ளைகள் சொல்வது இதனையே. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவர்; கதை நிகழும் இடத்தையும் எதிர்வரும் பகைவரையும் அவர் நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் தம்மை ஒரு வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, கள்வனாகவோ பாவித்துக்கொள்வர். அப்பாத்திரத்தின் உடல்வலி, விரைவு, அறிவு முதலியன எண்களாக ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். இவற்றை ஈண்டு ஆற்றலெண் என்று வழங்குவோம். சண்டை மூண்டால் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு ஆற்றலெண்ணைக் கூட்டி, அடி பட்டதா தவறியதா என்று காண்பர். நாடகத்துக்கும் தாயத்துக்கும் பிறந்த பிள்ளை என்று இதனைக் கூறலாம். கணினியில் ஆடும்போது தாளையும் பகடையையும் கணினியே மறைவில் வைத்துக்கொள்ளும்.

ஆக, வினா இதுவே: சண்டையில் வெல்ல வேண்டியது தாளிலுள்ள எண்ணா, தாளைப் பிடித்திருக்கும் ஆளா?

இவ்வினா எமது துறைமுகத்துக்குப் புதியதன்று. 1782ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் திருகோணமலையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினார். அதனை மீட்க வந்த பிரித்தானியத் தளபதி ஹியூஸ், செப்டெம்பர் 2ஆம் நாள் கரையை நெருங்கியபோது கோட்டையிலே பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார். மறுநாள் எம் கரைக்கு அப்பால் போர் மூண்டது. அணிவகுத்துப் பொரும் பெருங்கப்பல்கள் பிரெஞ்சுத் தரப்பில் 14. பிரித்தானியத் தரப்பில் 12. எண்ணை மட்டும் நோக்குவோர் முடிவை முன்கூட்டியே எழுதிவைத்திருப்பர். நிகழ்ந்ததோ வேறு. சுஃப்ரனின் கப்பற்றலைவர் பலர் அணியிலே உரிய இடத்தைப் பிடித்து நிற்கவில்லை. 74 பீரங்கி தாங்கிய அவரது கொடிக்கப்பல் எரோ, நடுவிலே ஒருசில துணைக் கப்பல்களோடு நின்று பகைவரின் முழுத் தாக்குதலையும் ஏற்றது. அதன் பெரும் பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. போர் ஓய்ந்தபோது எத்தரப்பினரும் மற்றவரின் ஒரு கப்பலையேனுங் கைப்பற்றியிருக்கவில்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையில் எஞ்சியது.

74 என்பது எரோவின் ஆற்றலெண். கட்டுங் காலத்திலேயே அதற்கு அமைந்துவிட்டது. காற்று எத்திசை, அணி எங்கே, எப்போது திரும்புவது என்பன அக்கப்பலில் நின்றவரின் திறன். 14 என்னும் எண் 12ஐ எளிதில் விழுங்காதுபோனது எதனால் என்று அக்காலந்தொட்டே போர்நூலார் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் ஒரு கிளையே இன்றைய பாத்திர ஆட்டம் என்பதைப் பலர் அறியார்.

1824ஆம் ஆண்டிலே பிரஷ்யப் படை அலுவலர் வொன் றைஸ்விட்ஸ் என்பார் தம் நாட்டுப் படைத்தலைவர்க்குப் பயிற்சியளிக்கப் போராட்டம் ஒன்றை வகுத்து வெளியிட்டார். நிலப்படத்தின்மேற் சிறு கட்டைகளைப் படைகளாக நகர்த்துவர். இரு படை மோதும்போது பகடை உருட்டி, அட்டவணை பார்த்து இழப்பைக் கணிப்பர். நடுவர் ஒருவர் இதனை நடத்துவார். அட்டவணைகள் நாளடைவிற் பெருகி ஆட்டத்தை அழுத்திவிட்டன. 1876இல் வேர்டி டு வேர்ணுவா என்னும் மற்றொரு பிரஷ்ய அலுவலர், பகடையும் அட்டவணையும் வேண்டா. போர் கண்ட நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். பிள்ளையின் விடைத்தாளைப் புள்ளித்திட்டத்தின்படி திருத்துவதா, ஆசிரியரின் மதிப்பீட்டுக்கு விடுவதா என்று எம் ஆசிரியர் அறையில் நிகழ்ந்த விவாதம் எமக்கு நினைவுக்கு வருகின்றது. அதனைப் போலவே இதுவும் முடிவுறாத வழக்கு.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். பாத்திர ஆட்டங்களுக்கெல்லாம் தாய் இதுவே. இதிலே எமது ஊரவர்க்கு உவப்பான செய்தி ஒன்றுண்டு. ஆர்னெசன் தம் நண்பர்களோடு முதலில் ஆடியபோது, ஒரே பகடை வீச்சிலே பாத்திரம் மாண்டுபோகக் கண்டார். படைகளைக் கட்டையாக நகர்த்திய காலத்திலே கட்டை ஒன்று விழுந்தால் எவரும் வருந்தியதில்லை. தமக்கென்று பெயரிட்டு, கதை கட்டி, பல இரவுகள் வளர்த்த வீரன் ஒரு வீச்சில் இறப்பதை ஆடுவோர் பொறுத்திலர். எனவே, அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்களுக்கென அவர் முன்னர் வகுத்திருந்த விதிகளிலிருந்து இரண்டு எண்களை எடுத்து மனிதருக்குப் பொருத்தினார். ஒன்று கவசத்தின் உறுதியைக் குறிப்பது. மற்றது எத்தனை அடி வரை தாங்கும் என்பதைக் குறிப்பது. உலகெங்கும் பிள்ளைகள் இன்று, எனக்கு எத்தனை ஹிட் பொயின்ற் மிச்சம் என்று கேட்பது, அடிபட்ட கப்பல் மூழ்க எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்னுங் கணக்கேயாம். மனிதரைக் கப்பலாக்கியது அவர்மீது கொண்ட பற்றினால் என்பதை மறத்தலாகாது. இவ்விரண்டாம் எண்ணை உயிரெண் என்போம்.

இனி எம் வீட்டு விறாந்தைக்கு வருவோம்.

டிசெம்பர் விடுமுறை ஒன்றின்போது கனடாவிலிருந்து எம் மகளும் பேரனும் வந்திருந்தனர். மாரி மழை விடாது பெய்தது. டச்சுக் குடாப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எங்குஞ் செல்ல இயலவில்லை. பேரன் பதினான்கு வயதினன். பையிலிருந்து இருபது முகப் பகடைகளை எடுத்துப் பரப்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துவந்து, எம்மையும் உட்கார் என்றான். யாம் மறுத்தோம். எமது வலக்கை சில ஆண்டுகளாக நடுங்கும். தேநீர்க் கோப்பையை இருகையாலும் பிடிக்கின்ற ஒருவன் வாள்வீரனாகப் பாவனை செய்வது நகைப்புக்கிடம் என்று கருதினோம். அவன் தாளை எம் முன்னே வைத்து, "அம்மப்பா, உங்கட கை நடுங்கினாலும் இவன்ர கை நடுங்காது," என்றான்.

கணித ஆசிரியனாய் நாற்பதாண்டு எண்களோடு வாழ்ந்த எமக்கு, எண் என்பது இத்தகைய உபகாரமுஞ் செய்யும் என்பது அன்றுதான் புலப்பட்டது. உடல்வலி 16 என்று தாளில் எழுதியிருந்தது. அது எம்முடையதன்று, ஆயினும் அம்மாலை முழுவதும் எம்முடையதாயிற்று.

கணக்கு இவ்வாறு வந்தது. அவர்கள் ஆடியது 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளை. உடல்வலி 16ஆனால் மிகுதி 3, முதற்படியிலுள்ள வீரனுக்குப் பயிற்சியால் வரும் மிகுதி 2, கூட்ட 5. எதிரே வந்த கொப்ளின் என்னுங் குள்ளப் பூதத்தின் கவச எண் 15. எனவே பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். 10 முதல் 20 வரை 11 முகங்கள். இருபதிற் பதினொன்று, அஃதாவது நூற்றுக்கு 55. அப்பூதத்தின் உயிரெண் 7. எம் வாளின் அடியோ எட்டு முகப் பகடையின் எண்ணோடு 3. இருபது விழுந்தால் எட்டு முகப் பகடை இரண்டு உருட்டலாம் என்னுஞ் சலுகையையுஞ் சேர்த்துக் கணித்தால், ஒரு முறையில் அதனை வீழ்த்தும் நிகழ்தகவு நூற்றுக்கு ஏறத்தாழ 36. இதனை மனத்துள் அறிந்துகொண்டும் யாம் வீரவுணர்வு மேலிட நேரே சென்று மும்முறை வாளோங்கினோம். மும்முறையுந் தவறியது. நூறு தடவையில் ஒன்பது தடவையே நேரக்கூடிய இழிவு அது.

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு வயது பதினொன்று. "சேர், நேரா போகாதேங்கோ," என்றாள். அவளுடைய பாத்திரம் எம் வீரனினும் வலியதன்று. அடிக்கும் மிகுதி அதே 5. அவள் கவிழ்ந்துகிடந்த வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதாகச் சொன்னாள். எம்மையே பூதம் நோக்கியிருக்கும்போது மறைவிலிருந்து எய்வதாகச் சொன்னாள். கண்ணிற்படாது தாக்குபவர் இரு பகடை உருட்டிப் பெரியதைக் கொள்ளலாம் என்பது விதி. இரண்டுந் தவறினாலன்றி அடி தவறாது. ஒன்று தவறும் நிகழ்தகவு இருபதில் ஒன்பது; இரண்டுந் தவறுவது நானூறில் எண்பத்தொன்று. ஆகவே படும் நிகழ்தகவு நூற்றுக்கு ஏறத்தாழ 80. அவள் அம்பு பட்டது, பூதம் வீழ்ந்தது.

இவ்விடத்தை வாசகர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 55இலிருந்து 80க்கு ஏற, எண்ணை மட்டும் நம்பினால் மிகுதி இன்னும் 5 தேவை. அவ்வாட்டத்திலோ பயிற்சியால் வரும் மிகுதி முதற்படியில் 2. இறுதியாகிய இருபதாம் படியிலும் 6 மட்டுமே. ஒரு வீரன் தன் வாழ்நாள் முழுவதும் பயின்று பெறும் உயர்ச்சி 4. அச்சிறுமி ஒரு வண்டியைக் கண்டு கணப்பொழுதிற் பெற்றதோ 5க்கு ஒப்பானது. அவள் கை விரைவாக இயங்கவில்லை. பகடை உருட்டுவதில் எவருக்கும் திறனில்லை. திறன் நுழைந்த வாயில் தெரிவு ஒன்றே. எண் என்ன இயலும் என்பதைக் காட்டிற்று. இயல்வனவற்றுள் எதனைச் செய்வது என்பதை அவள் தீர்த்தாள்.

இவ்விகிதம் தற்செயலாக அமைந்ததன்று. அதே ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அதிலே வாள்வீரனின் அடிப்படைத் தாக்குமிகுதி முதற்படியில் 1. இருபதாம் படியில் 20. அத்தகையோன் முன் கவச எண் 15 உடைய பூதம் வந்தால், பகடையில் 1 ஒழிந்த எதுவும் போதும். பகடை உருட்டுதலே சடங்காகிவிடுகின்றது. ஒளிவதற்கு வண்டி தேடுவார் யார்? மறுபுறம், முதற்படிச் சிறுவனொருவன் எவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தாலும் இருபதாம் படிப் பகைவனைத் தீண்டவும் மாட்டான். எண் பெருகப் பெருக ஆள் சிறுத்துப்போகின்றான். ஐந்தாம் பதிப்பை வகுத்தோர் வளர்ச்சியை வேண்டுமென்றே ஒடுக்கினர். அதனால் நூறு சிறு பூதங்கள் சேர்ந்து வந்தால் பெருவீரனும் அஞ்ச வேண்டியவனாகின்றான். எம் கருத்துக்கு இது உலகியலோடும் பொருந்துகின்றது. முன்னைய பதிப்பின் பெருமிதத்தை விரும்புவாரும் உளர். அசுரரை வென்ற வீரன் திருடனுக்கு அஞ்சுவதா என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை.

வலிவுகள் ஒத்திருந்தால்தான் போட்டி ஒத்திருக்கும் என்று சிலர் நினைக்கின்றனர். ஆடுபுலி ஆட்டத்தை அவர்கள் நினைவுகூர்தல் நன்று. புலி 3, ஆடு 15. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. ஆயினும் ஆடுகளை நடத்துவோன் புலிகளை அசையவிடாது அடைத்து வெல்லலாம். பகடை அங்கே இல்லை; வலிவோ முற்றும் வேறு வேறு. இரு தரப்பினருக்கும் சிந்திக்க இடம் இருப்பதே அதனை ஆட்டமாக்குகின்றது.

மேசையில் ஆடும்வரை சிக்கல் இவ்வளவே. கணினிக்குச் சென்றவுடன் மூன்றாவது ஒன்று நுழைகின்றது. அது உண்மையான கை. மழை ஓய்ந்திருந்த ஒரு நாள், பேரன் தன் விளையாட்டுப் பொறியின் கைப்பிடியை எம்மிடந் தந்தான். 2011இல் யப்பானில் ஆக்கப்பெற்ற டார்க் சோல்ஸ் என்னும் ஆட்டம் அது. எம் பாத்திரம் தடித்த கவசம் பூண்டு நின்றது. பகைவன் வாளோங்கும்போது, அவ்வாள் இறங்குங் கணத்திலே பொத்தானை அழுத்தி உருண்டு விலக வேண்டும். முந்தினாலும் அடி, பிந்தினாலும் அடி. எமது பெருவிரல் அழுத்த வேண்டிய பொத்தானை விட்டு வேறொன்றை அழுத்தியது. எத்தனை முறை மாண்டோம் என்று எண்ணுவதைப் பேரன் மரியாதை கருதி நிறுத்திக்கொண்டான். மேசையிலே நடுங்காத கை இங்கே மீண்டும் நடுங்கத் தொடங்கிற்று.

அவ்வாட்டத்திலே வல்லவர், படி ஒன்றும் உயராமலே இறுதிவரை வென்று செல்கின்றனர் என்று அவன் சொன்னான். அவர்களுக்கு எண் வேண்டுவதில்லை, கை போதும். எம்போல்வார்க்கு என்ன வழி என்று கேட்டோம். அவன் எளிய பகைவரை மீள மீள வென்று, அதனாற் கிடைத்த வரவைக் கொண்டு எம் பாத்திரத்தின் உயிரெண்ணை உயர்த்தித் தந்தான். அதன்பின் இரண்டு மூன்று அடி கூடுதலாகத் தாங்கினோம். பிழை செய்ய இடம் கிடைத்தது. பிழை செய்ய இடம் கிடைத்தபின்னரே பகைவன் வாளோங்கும் முறையைப் பார்க்கவும் எமக்கு அவகாசம் கிடைத்தது. பள்ளிக்கூடத்திலும் இதுவே நிகழ்கின்றது. தவறினால் உடனே வெளியேற்றப்படும் பிள்ளை கணிதம் கற்பதில்லை. வல்லவன் எண்ணைத் தொடாமலே வெல்லலாம், மெலியவன் எண்ணை ஊன்றுகோலாகக் கொண்டு வெல்லலாம் என்னும் இவ்வமைப்பு, கடியதென்று பெயர்பெற்ற அவ்வாட்டத்தினுள்ளே இருப்பதை யாம் எதிர்பார்க்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழுவொன்றும் உண்டு. 2002இல் அமெரிக்காவில் வெளியான மொறோவிண்ட் என்னும் ஆட்டத்தில், ஆடுவோன் பகைவனருகே சென்று வாளை வீசுவான். வாள் பகைவனுடலிற் படுவதைக் கண்ணாரக் காண்பான். ஆயினும் அடி தவறிற்று என்று கணினி தீர்ப்பளிக்கும். மறைவிலே உருண்ட பகடை அவ்வாறு சொல்லிற்றாம். மேசையிலே இத்தீர்ப்பை எவரும் வெறுப்பதில்லை. ஏனெனில் அங்கே வாளைக் கண்டார் இலர். பகடை விழுந்த பின்னரே, வாள் கேடயத்தில் வழுக்கிற்று என்று நடுவர் கதை சொல்வார். திரையிலோ கதை முதலில் நிகழ்ந்துவிட்டது. பகடை பின்னர் வந்து அதனைப் பொய்யாக்குகின்றது. கண்டதைக் காணவில்லை என்று சொல்லும் எண்ணை எவர்தாம் மதிப்பர்?

அதே நிறுவனத்தார் 2006இல் வெளியிட்ட ஒப்லிவியனில் இதனைத் திருத்தினர். வாள் பட்டால் பட்டதே. எவ்வளவு காயம் என்பதை மட்டும் எண் தீர்க்கும். நல்ல திருத்தம். ஆனால் வேறொன்றைக் கெடுத்துக்கொண்டனர். ஆடுவோன் படி உயர உயரப் பகைவரும் உடனுயர்ந்தனர். ஏணியில் யாம் ஒரு படி ஏறச் சுவரும் ஒரு படி உயர்ந்தாற்போல. முடிவில், காட்டுவழியில் மறித்துச் சிறு தொகை கேட்கும் வழிப்பறிக்காரன், அத்தொகையைப்போற் பன்மடங்கு விலைபெறும் அருங்கவசத்தைப் பூண்டு நிற்பான். அதனை விற்றுவிட்டு அவன் ஊரிலே கடை வைத்திருக்கலாமே என்று பேரன் சொல்லிச் சிரித்தான்.

எமக்கு மிகவும் பிடித்த தீர்வு 2000ஆம் ஆண்டில் வெளியான டியூஸ் எக்ஸ் என்னும் ஆட்டத்திலுள்ளது. துப்பாக்கியைக் குறிபார்க்கையில், குறியைச் சுற்றிச் சில கோடுகள் அகன்று நிற்கும். அசையாது நின்றால் அவை மெல்ல நெருங்கும். அப்படைக்கலத்திற் பயிற்சி எண் உயர்ந்தவனுக்கு விரைவாக நெருங்கும். எண் தாழ்ந்தவனுக்கு மெதுவாக நெருங்கும். எண்ணிற் குறைந்தவனும் பொறுமையாற் குறியை அடையலாம். எண்ணில் மிகுந்தவனும் அவசரப்பட்டால் தவறுவான். கையையும் எண்ணையும் தராசின் இரு தட்டில் வைத்து நிறுக்காமல், ஒன்றை மற்றொன்றின் உள்ளே வைத்திருக்கின்றனர். விரல் விரைவில்லாத முதியோனிடமும் பொறுமை மிச்சமிருக்கும் அல்லவா?

கைத்தொலைபேசியிலே ஆற்றலெண்ணைக் காசுக்கு விற்கும் ஆட்டங்கள் பல உலவுகின்றன. அவை பற்றி நீள எழுத விரும்பவில்லை. போர்த்தேங்காயிலும் பணமுள்ள வீட்டுப் பையன் நல்ல காய் வாங்கிவந்தான். அக்காயும் ஒருநாள் உடைந்தது. விற்கப்படும் எண்ணோ உடைவதில்லை. அடுத்த மாதம் அதனினும் பெரிய எண் விற்பனைக்கு வரும், அவ்வளவே.

எம் கல்லூரியிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவருள் ஒருசிலரேனும் ஒருநாள் ஆட்டம் ஆக்கக்கூடும். அவர்களுக்கு ஆசிரியன் என்னும் முறையில் ஒரு சோதனையைக் கூறுகின்றோம். ஒரே பாத்திரத்தை வல்லவன் ஒருவனிடமும் புதியவன் ஒருவனிடமுங் கொடுத்து, ஒரே சண்டையை இருபது முறை ஆடச் செய்யுங்கள். இருவரும் ஏறத்தாழ ஒரே அளவு வென்றால், ஆடுவோனுக்கு அங்கே வேலையில்லை. அவன் படம் பார்க்க வந்தவன். அடுத்து, ஒரே ஆளிடம் வலிய பாத்திரத்தையும் மெலிய பாத்திரத்தையும் மாறிமாறிக் கொடுங்கள். வெற்றியில் வேறுபாடு இன்றேல், பாத்திரம் என்பது வெறும் முகமூடி. வீரனாயினும் மந்திரவாதியாயினும் ஒன்றே. இரு சோதனையிலும் வேறுபாடு தெரிதல் வேண்டும். எவ்வளவு வேறுபாடு என்பதை யாம் சொல்லமாட்டோம். அது எவர் ஆட வருகின்றனர் என்பதைப் பொறுத்தது. ஆனால் ஆட வருவோருள் கை நடுங்குபவரும், கண் மங்கியவரும், பழைய தொலைபேசியில் திரை தயங்கித் தயங்கி நகரும் ஏழைப் பிள்ளையும் இருப்பர் என்பதை ஆக்குவோர் மறவாதிருப்பின், எண்ணுக்குச் சற்றுக் கூடுதலாக இடங்கொடுப்பர் என்று நம்புகின்றோம். வல்லவனுக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. அவன் வேண்டுமானால் எண்ணை உயர்த்தாமலே ஆடிக்கொள்வான்.

சனவரியிலே பேரன் திரும்பிச் சென்றான். இருபது முகப் பகடை ஒன்றையும், எம் வீரனின் தாளையும் விட்டுச் சென்றான். சனிக்கிழமை மாலைகளில் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையும் அவள் தம்பியும் விறாந்தைக்கு வருகின்றனர். பேரன் கனடாவிலிருந்து தொலைபேசித் திரையில் நடுவனாக அமர்கின்றான். அவனுக்கு அங்கே காலை நேரம். கொட்டாவி விட்டுக்கொண்டே பூதங்களை ஏவுகின்றான். பகடையை யாம் குலுக்கவேண்டிய தேவையில்லை. கையில் வைத்தாலே அது குலுங்கிவிடும் என்று அவன் கேலி செய்வான். எம் வீரன் இப்பொழுது மூன்றாம் படியை எட்டிவிட்டான். பயிற்சி மிகுதி இன்னும் 2 தான். அவனை முன்னே செல்ல விடலாமா என்பதை அச்சிறுமியே தீர்மானிக்கின்றாள், இதுவரை விட்டதில்லை.